காலா மரியாவிடம் தோற்பவர்கள் செய்யும் தவறுகள்

நவம்பர் மாதத்தில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. வெளியே மூடுபனி, உள்ளே வீடியோ கேம். அப்படியொரு வாரத்தில் என் அக்கா மகன் ‘கப்ஹெட்’ விளையாட்டில் வரும் காலா மரியா என்ற கடற்கன்னி எதிரியிடம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தான். “மாமா, நான் அவளைத்தான் பார்த்துட்டே இருந்தேன், அடி எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல” என்று அவன் சொன்ன ஒற்றை வரியிலேயே அவனுடைய தவறு அடங்கியிருந்தது. அவனைப் போலவே பலரும் அதே இடத்தில் தடுமாறுவதைக் கண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

கனடாவைச் சேர்ந்த சாட், ஜாரெட் மோல்டன்ஹவர் சகோதரர்களின் ஸ்டூடியோ எம்டிஎச்ஆர் 2017 செப்டம்பர் 29 அன்று வெளியிட்ட இந்த விளையாட்டு, 1930-களின் கார்ட்டூன் படங்களைப் போலக் கையால் வரையப்பட்டது. அதன் பெரும்பகுதி, ஓடியும் தாவியும் சுட்டும் ஆடுவது. ஆனால் மூன்றாம் தீவில் வரும் இந்தக் கடற்கன்னியை விமானத்தில் பறந்தபடிதான் எதிர்கொள்ள வேண்டும். முதல் தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. தரையில் ஆடும்போது உதவிய, கடையில் காசு கொடுத்து வாங்கிய துப்பாக்கிகள் விமானத்தில் செல்லாது. தரையில் பாயும்போது அடிபடாமல் காக்கும் புகைக்குண்டுத் தாயத்தும் இங்கே பயன்படாது. அதை மாட்டிக்கொண்டே வந்து, மூன்றே உயிர்களோடு போராடுவதைவிட, தாக்குதல் வலு சற்றுக் குறைந்தாலும் ஓர் உயிரைக் கூட்டித் தரும் இதயத் தாயத்தை அணிந்து வருவது நல்லது. புதிதாக ஆடுபவர் இந்த இழப்பைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து.

இனி முக்கியமான தவறுக்கு வருகிறேன். காலா மரியா திரையின் வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய கண்ணும் வாயும் அசையும் அழகில் பார்வை அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் முதல் கட்டத்தில் நம்மைக் கொல்பவற்றில் பெரும்பாலானவை கீழேயிருக்கும் நீர்ப்பரப்பிலிருந்து எழுகின்றன. பேத்தை மீன்கள் கூட்டமாக மிதந்து மேலே வருகின்றன. முதுகில் பீரங்கி சுமந்த கடலாமை மேல்நோக்கிச் சுடும் குண்டு நடுவானில் வெடித்துச் சிதறுகிறது. கடற்குதிரை பீய்ச்சும் நீர், விமானத்தை நாம் விரும்பாத உயரத்துக்குத் தள்ளிவிடுகிறது. இவற்றோடு சேர்ந்து, மரியா தன் கையில் மீனைத் துப்பாக்கிபோல் பிடித்துச் சுடுவதும் கடற்கொள்ளையரின் ஆவிகளை ஏவுவதும் நடக்கின்றன. எனவே பார்வையைத் திரையின் கீழ்ப்பாதியில், நம் விமானத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொண்டு, மரியாவை ஓரக்கண்ணால் மட்டும் கவனிக்கப் பழக வேண்டும். அவள் மிகப் பெரியவள். அவளைக் குறிபார்க்கத் தேவையே இல்லை, சுட்டுக்கொண்டே இருந்தால் குண்டுகள் தாமாகவே பட்டுவிடும்.

இதையொட்டி இன்னொன்று. கடற்குதிரையின் நீர் தள்ளும்போது பலர் பதறி, அதை எதிர்த்துக் கீழே அழுத்துகிறார்கள். அதைவிடப் பக்கவாட்டில் விலகி வெளியேறுவது எளிது.

விமானத்தைச் சுருக்கும் பொத்தானை மறந்துவிடுவது அடுத்த தவறு. சுருங்கிய விமானம் வேகமாகப் பறக்கும், சிறிய இடைவெளிகளிலும் நுழையும். ஆனால் அதன் குண்டுகளுக்கு வலு குறைவு. பயந்துபோய் எப்போதும் சுருங்கியே இருப்பவர்களுக்குப் போர் நீண்டுகொண்டே போகிறது, போர் நீள நீளத் தவறுகளும் கூடுகின்றன. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவர் வளைவில் கியரைக் குறைத்து, நேர்ப்பாதை வந்ததும் மீண்டும் கூட்டுவதுபோல, நெருக்கடியில் சுருங்கி, அது விலகியதும் உடனே விரிய வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் மின்விலாங்குகள் மரியாவைத் தாக்க, அவள் பாம்புக் கூந்தல் கொண்ட மெடூசாவாக மாறுகிறாள். அவள் பார்வை நம்மைக் கல்லாக்குகிறது. கல்லானதும் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தான்களையும் குச்சியையும் விடாமல் வேகமாக அசைத்தால் விரைவில் விடுபடலாம் என்பது பலருக்கும் தெரியும். அவர்கள் கோட்டைவிடுவது அதற்கு முந்தைய நொடியில்தான். கல்லாகி நிற்கும் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்காமல், விலாங்குகள் எழும் இடத்துக்கு மேலேயோ மின்பந்துகளின் பாதையிலோ மாட்டிக்கொள்கிறார்கள். அவள் கண்கள் மாறும் அறிகுறி தெரிந்ததும் சுடுவதைப் பற்றிய கவலையை விட்டு, காலியான இடத்துக்குப் போய்விட வேண்டும். மலையில் ஆடுபவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு: இரவுக் குளிரில் விரல்கள் விறைத்துப்போனால் இந்த வேகம் வராது. கைகளைச் சூடாக்கிக்கொண்டு உட்காருங்கள். பெரிய தொலைக்காட்சியில் ஆடுபவர்கள் ‘கேம் மோடு’ அமைப்பையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையே தாமதம் இருக்கும்.

மூன்றாம் கட்டத்தில் அவளுடைய தலை மட்டும் தனியே பிரிந்து, பவளப்பாறைக் குகைக்குள் நம்மோடு வருகிறது. பாறையில் இடித்தாலும் உயிர் போகும். மண்டையோட்டுக் குமிழிகளைக் கண்டு ஒதுங்கிப் பாறையில் மோதுவதுதான் இங்கே அதிகம் நடப்பது. திரையின் வலது ஓரத்தில் அடுத்து நுழையும் பாறையின் வடிவத்தை முதலில் பாருங்கள், குமிழியை அடுத்துப் பாருங்கள். கல்லாக்கும் பார்வை இங்கும் தொடர்வதால், குறுகலான வழிக்குள் நுழையும் முன் அது வரும் தருணமா என்று கவனித்துக்கொள்வது நல்லது. இளஞ்சிவப்பு நிறப் பொருள்களை, தொடும் நொடியில் பொத்தானை அழுத்தித் தட்டிவிட்டும் (இதற்குப் ‘பேரி’ என்று பெயர்) எதிரியைச் சுட்டும் சேர்க்கும் ஐந்து அட்டைகளை முதல் கட்டத்திலேயே வீணாக்காமல், விமானமே பெருங்குண்டாக மாறும் சூப்பர் தாக்குதலை இந்தக் கட்டத்துக்கென்று வைத்திருந்தால் குகையில் கழிக்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

‘சிம்பிள்’ என்ற எளிய முறையில் வென்றுவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுபவர்களும் உண்டு. நாயகன் கப்ஹெட் சாத்தானுக்காகத் தோற்றவர்களிடமிருந்து சேகரிக்க வேண்டிய ஆன்மா ஒப்பந்தம் அந்த வெற்றியில் கிடைப்பதில்லை. எல்லா ஒப்பந்தங்களும் இல்லாமல் கதை முடிவை நோக்கி நகராது. பயிற்சிக்கு மட்டுமே அது உதவும்.

இந்த விளையாட்டில் எதிரியின் உயிர் அளவு திரையில் காட்டப்படுவதில்லை. தோற்ற பிறகு வரும் படத்தில், ஒரு கோட்டின் மேல் கப்ஹெட் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறான் என்பதும், கட்டங்கள் மாறும் இடங்களில் நடப்பட்ட கொடிகளும் தெரியும். எரிச்சலில் அதைப் பார்க்காமலே மறுமுறை தொடங்குவது பெரிய இழப்பு. எந்தக் கொடிக்கு அருகே திரும்பத் திரும்ப நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் எதைத் திருத்த வேண்டும் என்பது விளங்கும். என் அக்கா மகன் அந்தக் கோட்டைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான், தான் முதல் கொடியைத் தாண்டியதே சில முறைதான் என்பதைக் கண்டான். அதன்பின் அவன் மரியாவின் முகத்தை விட்டுவிட்டு, நீரைப் பார்த்து ஆடினான்.