கடற்கரைப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், அப்படியே வடக்கே தேவிபட்டினம், தொண்டி. தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. இந்தக் கரையில் எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போனாலும் உயர்கல்வி வழிகாட்டுதல் ஏதாவது ஓர் ஆசிரியர் தலையில் இருக்கும். பாடமும் நடத்தி, எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவும் முடித்து, கிடைக்கிற நேரத்தில் இதையும் பார்க்கிறார். அவருக்காகவும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாமல் யாரும் தவறு செய்வதில்லை. திட்டம் போடும்போது இந்த ஊர் வாழ்க்கையைக் கணக்கில் எடுக்காததுதான் சிக்கல்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தொடங்குவது

பெரிய தவறு இதுதான். பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் ஒரு நாள் கூட்டம், நாலு பேர் பேச்சு, கையில் ஒரு புத்தகம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் நல்லவைதான். ஆனால் அங்கே வந்து உட்காரும் பிள்ளை, தன் வழிகளில் பாதியை இரண்டு வருஷத்துக்கு முன்பே இழந்திருக்கலாம்.

பதினொன்றாம் வகுப்பு சேர்க்கை நடக்கும் மேசையைக் கொஞ்சம் கவனியுங்கள். "என்ன குரூப் வேணும்?" என்று கேட்டதும் பையன் பக்கத்தில் நிற்கிற கூட்டாளியைப் பார்க்கிறான். அவன் என்ன எடுத்தானோ அதையே இவனும் சொல்கிறான். அம்மா, "சார், நீங்களே பாத்துப் போடுங்க" என்கிறார். சாரும் மார்க்கைப் பார்த்து ஒரு குரூப்பை எழுதிவிடுகிறார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் வேலை.

அந்த இரண்டு நிமிஷத்தில் என்னவெல்லாம் முடிவாகிறது? கணிதம் எடுக்காதவருக்கு பி.இ. படிப்புக்கு அநேகமாக வழி கிடையாது. வணிகக் கப்பலில் அதிகாரியாகப் போக நினைப்பவருக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதமும், ஆங்கிலத்தில் 50 சதவீதமும் தேவை. கடலோரக் காவல்படையில் நாவிக் (மாலுமி) பொதுப்பணிக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். மீன்வளப் பட்டப்படிப்பான பி.எஃப்.எஸ்சி.க்கு உயிரியல் இல்லாமல் போக முடியாது. "கடல் சம்பந்தமான வேலைக்குப் போகணும்" என்று ஒரே வகுப்பில் நாலு பேர் சொன்னாலும் நாலு பேருக்கும் ஒரே குரூப் பொருந்தாது.

அப்துல் கலாமை எல்லாப் பள்ளியிலும் உதாரணம் காட்டுகிறோம். அவர் வாழ்க்கையில் வழிகாட்டுதல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பகுதியை மட்டும் விட்டுவிடுகிறோம். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியை முடித்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கிய பிறகுதான், தான் போக வேண்டியது பொறியியல் என்று அவருக்குத் தெரிந்தது. பட்டப்படிப்புக்கு முந்தைய இன்டர்மீடியட் முடித்த கையோடு பொறியியலில் சேர்ந்திருக்கலாம் என்று அவரே பின்னாளில் எழுதினார். வேறு என்ன படிப்பு இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை. சென்னை எம்.ஐ.டி.யில் சேர்வதற்குப் பணம் புரட்ட அவருடைய அக்கா நகையை அடகு வைத்தார். விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவரும் அவர்தான். பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொன்னால் அவர் இன்னும் பக்கத்தில் வருவார்.

ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். மாதம் ஒரு பீரியட் போதும். எந்த வேலைக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று ஒரு சார்ட்டில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். இன்னொன்று, கண் பரிசோதனை. நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டையைக் கண் மருத்துவர் காட்டுவார். அதைப் படிக்க முடியாத பையன் கப்பலின் மேல்தளப் பணிக்குப் போக முடியாது, கடற்படையிலும் பெரும்பாலான பிரிவுகள் அவனுக்குக் கிடைக்காது. மூன்று வருஷம் ஆசையை வளர்த்துக்கொண்டு கடைசி மருத்துவச் சோதனையில் இது தெரிய வந்தால் பையன் மனசு உடைந்துவிடும். பதினான்கு வயதிலேயே தெரிந்தால் வேறு வழி யோசிக்க நேரம் இருக்கும்.

அப்புறம், பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அத்தோடு போய்விடும். மருத்துவத்தில் 2020இலும் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021இலும் வந்த ஒதுக்கீடு அது. டி.சி. கேட்டு வரும் பெற்றோரை உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை.

கடலைத் தண்டனையாகக் காட்டுவது

"படிக்கலைன்னா அப்பாவோட போட்டுக்குத்தான் போகணும்." வகுப்பறையில் இதைச் சொல்லாத ஆசிரியர் குறைவு. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் கேட்கிற பையனுக்கு, 'உன் அப்பா தோற்றுப்போன ஆள்' என்றுதான் காதில் விழுகிறது. அப்பாவை மதிக்கிற பையன் அன்றைக்கே நம் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவான்.

இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போவது, படகைப் பறிப்பது, டீசல் செலவு என்று எல்லாம் பார்த்துவிட்டு, மகன் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்று பல அப்பாக்களே சொல்கிறார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. நாம் செய்ய வேண்டியது வேறு. வாடைக் காற்றும் கச்சான் காற்றும் எப்போது மாறும் என்று அந்தப் பையனுக்குத் தெரியும். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் என்ன பார்க்க வேண்டும், ஜி.பி.எஸ்.ஸில் இடத்தை எப்படிக் குறிக்க வேண்டும் என்றும் தெரியும். டீசல் மெக்கானிக் ஐ.டி.ஐ., மரைன் இன்ஜினியரிங், கடலோரக் காவல்படை எல்லாவற்றுக்கும் அது உதவுகிற அறிவு. அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கடல் விரால் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து, கூண்டில் வளர்க்கும் முறையை அங்கே உருவாக்கினார்கள். கடற்பாசி ஆராய்ச்சிக்கென்று தனி நிலையமும் அதே மண்டபத்தில்தான். பேருந்தில் அதன் வாசலைக் கடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள்? சுற்றுலா என்றால் கொடைக்கானல் என்று இருப்பதை ஒரு வருஷம் மாற்றிப் பாருங்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். அங்கே ஆய்வகத்தில் வேலை செய்யும் உதவியாளர் ஒருவரிடம், "நீங்க என்ன படிச்சீங்க?" என்று ஒரு மாணவி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது பத்துப் பேச்சாளர்களைக் கூப்பிட்டாலும் கிடைக்காது.

பெற்றோர் வர முடியாத நாளில் கூட்டம் வைப்பது

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலுக்குப் போகும் நாட்கள் வேறு வேறு. தொழிலுக்குப் போகிற நாளில் கூட்டம் வைத்துவிட்டு, "பெற்றோருக்கு ஆர்வமே இல்லை" என்று பதிவேட்டில் எழுதுகிறோம். மீனவர் சங்கத்தில் கேட்டால் எந்த நாள் வசதி என்று சொல்வார்கள். கீழக்கரையில் அப்பா சவுதியில் இருப்பார். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வீடியோ அழைப்பில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். பல வீடுகளில் கடைசி முடிவு மாமாவிடமோ பெரியப்பாவிடமோ இருக்கும். பிள்ளையிடம் மட்டும் பேசி, "சரி சார்" என்ற பதிலோடு திரும்பினால் அது முடிவாகிவிடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ரிசல்ட்டும் விண்ணப்பமும் கல்லூரிச் சேர்க்கையும் அதே நாட்களில்தான் வரும். விசைப்படகுக் குடும்பங்களில் கையில் காசு இல்லாத காலம் அது. ஆனால் அப்பா வீட்டில் இருக்கும் காலமும் அதுதான். எனவே பெற்றோர் சந்திப்பைத் தடைக்காலத்தில் வையுங்கள். கட்டணக் கணக்கை மட்டும் ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். எந்தப் படிப்புக்கு எவ்வளவு ஆகும், எந்தச் சலுகை கிடைக்கும் என்று தெரிந்தால் கந்துவட்டிக்குப் போவதைத் தவிர்க்கலாம். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கும் அப்போதே இ-சேவையில் போட்டு வைக்கட்டும். முதல் பட்டதாரி சலுகை அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. இது தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டு நிற்கிறவர்கள் உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு இரண்டே வேலை சொல்வது

டீச்சர், நர்ஸ். இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். பாசி எடுக்கப் போகும் அம்மாவின் மகளுக்கு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா என்பது தெரியும். அம்மாவை அங்கே போகவிடாத சட்டமாகத்தான் அதைத் தெரியும். கடல்வாழ் உயிரியல் படித்தால் அதே தீவுகளில் ஆய்வாளராக, வனத்துறை அலுவலராக வேலை பார்க்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டாமா? அந்தப் பெண்ணுக்கு எந்த இடத்தில் என்ன பாசி கிடைக்கும் என்று ஏற்கெனவே தெரியும்.

வீட்டார் தயங்குவது படிப்புக்காக இல்லை, விடுதிக்காகவும் பஸ்ஸுக்காகவும். கல்லூரியின் பெயரோடு விடுதி வசதி, கடைசி பஸ் நேரம், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அதே கல்லூரியில் படிக்கும் உள்ளூர் அக்கா ஒருத்தியை அந்த அம்மாவிடம் பேச வையுங்கள்.

ஏஜென்ட் முந்திக்கொள்வது

நாம் பேசாத இடத்தில் ஏஜென்ட் பேசுவார். "சி.டி.சி. வாங்கித் தர்றேன், கப்பல்ல வேலை உறுதி" என்பார். சி.டி.சி. என்பது மாலுமிக்கான ஆவணம் மட்டும், அது வேலைக்கு உத்தரவாதம் இல்லை. பயிற்சி நிறுவனத்துக்கு கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடலாம். கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் உரிமம் பெற்றிருக்க வேண்டும், வேலை தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. வளைகுடா வேலை என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். விசிட் விசாவில் அழைத்தால் போகவே கூடாது. டேட்டா என்ட்ரி வேலை என்று கம்போடியாவுக்குக் கூட்டிப்போய் இணைய மோசடியில் தள்ளப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்களின் செய்திகளை வகுப்பிலேயே வாசித்துக் காட்டுங்கள். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கும் சேர்த்து.

விட்டுப்போனவர்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டியலைப் பள்ளி பெருமையாக ஒட்டுகிறது. சேராதவர்கள் பட்டியல் யாரிடமும் இல்லை. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனவர், பிளஸ் டூ முடித்தும் விண்ணப்பிக்காதவர் எல்லாரும் தடைக்காலம் முடிந்ததும் படகேறிவிடுவார்கள். கையில் காசு வந்த பிறகு திரும்பக் கூப்பிடுவது கஷ்டம். ஆகவே ஜூன் முதல் வாரமே அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். தோற்றவருக்குத் துணைத் தேர்வு இருக்கிறது. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். உயர்கல்வியில் சேராதவர்களுக்கான 'உயர்வுக்குப் படி' முகாம் எந்தத் தேதியில் நடக்கிறது என்று முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, போகும்போதே அந்தத் தேதியையும் சொல்லிவிட்டு வாருங்கள்.