சிற்றூரில் வீடு வாங்கும் முன்: பிலோயெலாவை முன்வைத்து

ஆஸ்திரேலியாவுக்கு 491 விசாவில் (பெருநகரங்களுக்கு வெளியே வேலை பார்ப்பதற்கான திறன் விசா) வருபவர்கள் சிட்னி, மெல்பன், பிரிஸ்பேனுக்கு வெளியேதான் வாழ்ந்து வேலை பார்க்க வேண்டும். அதனால் பெயரே கேள்விப்படாத ஊரில் வேலை அமைவது சகஜம். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் பிலோயெலா மட்டும் நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர். 2018இல் குடிவரவு அதிகாரிகள் அழைத்துப்போன ஈழத்தமிழ்க் குடும்பத்தைத் தங்கள் ஊருக்கே திருப்பி அனுப்பச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் நான்கு ஆண்டுகள் விடாமல் போராடினார்கள்; 2022 ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் வந்து சேர்ந்தது. சிற்றூர் மனிதர்களை நம்பிப் போகலாம் என்று நான் சொல்வது இதனால்தான். சிற்றூர் வீட்டு விலையை மட்டும் அப்படி நம்பிவிடாதீர்கள்.

முதலில் சட்டம். 491 தற்காலிக விசா. 2025 ஏப்ரல் 1 முதல் தற்காலிக விசாக்காரர்கள் பழைய வீடு வாங்கத் தடை இருக்கிறது. புது வீடோ காலி மனையோ வாங்க முன் அனுமதி தேவை. பத்திரச் செலவில் வெளிநாட்டவருக்கான கூடுதல் வரியும் சேரும். ஆகவே நிரந்தர விசா வரும்வரை வாடகைக்கு இருங்கள். வாடகை வீடே அரிது என்பதால், வேலை உறுதியானதும் முதலாளியிடமே வீடு பற்றிக் கேட்டுவிடுங்கள்.

வாடகைக்கு இருக்கும் அந்தக் காலத்தில் ஊரைப் படியுங்கள். இங்கே யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? பிலோயெலாவில் இறைச்சி ஆலை, நிலக்கரிச் சுரங்கம், காலைட் மின் நிலையம், சுற்றிலும் பருத்தி என்று நாலு கால் உண்டு. அதே மாநிலத்தில் மொரன்பா சுரங்கத்தை மட்டும் நம்பிய ஊர். 2012 வாக்கில் ஏழு லட்சம் டாலரைத் தொட்ட வீடுகள், நிலக்கரி விலை சரிந்ததும் சில ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் கீழே போயின. கடன் மட்டும் குறையவில்லை. "வாடகை அள்ளிக் கொட்டும்" என்று ஏஜென்ட் சொன்னால் மொரன்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சின்ன ஊர் என்றால் சில வங்கிகள் கூடுதல் முன்பணம் கேட்கும். விற்க நினைத்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். குடியிருக்க வாங்குங்கள், லாபத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

சரி, வீடு பிடித்துவிட்டது. கையெழுத்துக்கு முன் கட்டட, கரையான் பரிசோதனைக்கு ஆள் வையுங்கள், நீங்களும் கூடவே போங்கள். பழைய மரவீடுகள் தூண்மேல் நிற்கும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு தூண் தலையிலும் தகர மூடி இருக்க வேண்டும், அதைச் சுற்றிக்கொண்டு பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான். 1990க்கு முன் கட்டிய வீட்டின் ஷீட் சுவரில், தூசு உடலுக்கு ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். துளை போடும் முன் சோதியுங்கள். ஊருக்கு வெளியே என்றால் மழைநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் இரண்டும் உங்கள் பொறுப்பு.

வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள். 2015 பிப்ரவரியில் மார்சியா புயலின்போது பிலோயெலாவுக்கு அருகே உள்ள காலைட் அணை திறந்துகொண்டு ஜாம்பின் என்ற சிற்றூர்ப் பகுதி மூழ்கியது. குவீன்ஸ்லாந்தில் விற்பவர் தரும் படிவத்தில் வெள்ள வரலாறு இருக்காது. பிலோயெலாவின் உள்ளாட்சியான பனானா ஷயர் கவுன்சிலில் வெள்ள வரைபடம் கேளுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று விசாரியுங்கள். வாங்கப் போவதாகச் சொல்லியே கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.