குழுவில் பதினேழு கும்பிடும் கைகள், அறைக்கு ஒருவரும் போகவில்லை: மாணவர் ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாள் இரவு 11.40-க்கு எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் இரண்டாம் ஆண்டு தம்பி ஒருவன் எழுதினான்: "நாளைக்கு ரெண்டு அரியர் ரிசல்ட் வருதுங்ணா. மனசே சரியில்ல. ஜெபம் பண்ணிக்கோங்க." விடிவதற்குள் அதற்குக் கீழே பதினேழு கும்பிடும் கைகள். அப்புறம் மூன்று காலை வணக்க வசனப் படங்கள், ஒரு பிரசங்க வீடியோ, ரிட்ரீட்டுக்குப் பணம் கட்டாதவர்கள் பட்டியல். ஒருவரும் அவனுக்குப் போன் போடவில்லை, நானும் போடவில்லை. அவன் விடுதி என் வீட்டிலிருந்து பைக்கில் கால் மணி நேரம்தான்.

நான்கு நாள் கழித்துப் போனேன். பக்கத்துப் பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். டீ ஆறும் வரைக்கும் அவன் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எல்லாரும் பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சுதுங்ணா. அதுதான் இன்னும் கஷ்டமாப் போச்சு."

கோவை, ஈரோடு பக்கம் கல்லூரி மாணவர்களோடு ஊழியத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் செய்யும் தவறுகளில் முதலாவதாக நான் வைப்பது இதைத்தான். குழுவில் பதில் போட்டதோடு அந்த மாணவனுக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். இப்போது நாங்கள் வைத்திருக்கும் பழக்கம் எளிமையானது. ஜெபக்குறிப்பு வந்தால் ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும்: "நான் பாத்துக்கறேன்." அவர் அன்றைக்கே போன் செய்வார், முடிந்தால் மறுநாள் நேரில் போவார். வசனப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் தனிக் குழு இருக்கிறது. ஜெபக்குழுவில் ஜெபக்குறிப்பு மட்டும்தான்.

அப்போஸ்தலன் பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்களை, அதாவது கடிதங்களை, நினைத்துப் பாருங்கள். தூரத்தில் இருந்தவர்களுக்கு அவர் எழுதத்தான் செய்தார், எழுத்தை அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் நிருபத்தோடு ஆளும் போனார். ரோமருக்கு எழுதியபோது பெபேயாள், கொலோசெயருக்கு எழுதியபோது தீகிக்கு. தீகிக்கு நேரில் வந்து தன்னைப் பற்றிய செய்தியைச் சொல்லி அவர்களைத் தேற்றுவார் என்று பவுல் அந்த நிருபத்திலேயே குறித்திருக்கிறார். நம் வாட்ஸ்அப் செய்திக்குப் பின்னால் போகிற தீகிக்கு யார் என்று கேட்டால், பல குழுக்களில் பதில் இருக்காது.

எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 2020 மார்ச் ஊரடங்குக்குத்தான் போக வேண்டும். கல்லூரிகள் மூடின, மாணவர்கள் கூடி வேதம் படித்து ஜெபிக்கும் ஐக்கியக் கூட்டங்கள் ஜூமுக்குப் போயின. இலவசக் கணக்கில் 40 நிமிடம் ஆனதும் கூட்டம் அறுந்துவிடும், மறுபடியும் லிங்க் அனுப்பி ஜெபத்தை முடிப்போம். அந்த நாட்களில் அது பெரிய கிருபை. கோபி, தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது சக விசுவாசிகளின் குரல் கேட்டது. கல்லூரிகள் திறந்த பிறகும் நாங்கள் அதே அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே நேரடிக் கூட்டத்தையும் ஏற்றிவைத்தோம். எது எதற்கு என்று உட்கார்ந்து யோசிக்கவே இல்லை.

அதனால் வந்ததுதான் கலப்புக் கூட்டம். அறையில் இருபது பேர், ஸ்டாண்டில் ஒரு போன், போனுக்குள் ஆறு பேர். எங்கள் வேதபாடம் ஒன்றில் வட்டமாக ஒவ்வொருவராக ஜெபித்தோம். அறையில் இருந்த இருபது பேரும் ஜெபித்து முடித்ததும் தலைவர் ஆமென் சொல்லிவிட்டார். திரையில் ஒரு தங்கை மைக்கைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தாள். யாரும் கவனிக்கவில்லை. மூடிவிட்டு வெளியே போய்விட்டாள். அடுத்த வாரம் அவள் இணையவில்லை.

இதற்கு நான் கண்ட வழி, கூடுமானவரை கலக்காமல் இருப்பதுதான். வேதபாடம் நேரில் என்றால் எல்லோரும் நேரில், ஆன்லைன் என்றால் பக்கத்து அறையில் இருப்பவர்கள்கூட அவரவர் போனில். கலந்துதான் ஆக வேண்டும் என்றால், திரையில் இருப்பவர்களுக்காக அறையில் ஒருவரை நியமியுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. யார் பேச நினைக்கிறார்கள், யாருக்குக் குரல் கேட்கவில்லை என்று பார்ப்பதும், ஜெபத்தில் அவர்களை முதலில் அழைக்கச் சொல்வதும் அவர் பொறுப்பு.

அடுத்த தவறு நம் ஊருக்கே உரியது. பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரிகளில் பாதிப் பிள்ளைகள் கல்லூரிப் பேருந்தில் வந்து போகிறவர்கள். சாயங்காலம் பஸ் கிளம்பினால் கிளம்பினதுதான். நாம் ஐந்தரை மணிக்கு ஐக்கியம் வைத்துவிட்டு, டேஸ்காலர்களுக்கு ஆர்வமே இல்லை என்று வருத்தப்படுகிறோம். அவர்களுக்கு ஆன்லைன் போதும் என்று ஒதுக்கியும் விடுகிறோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் மரத்தடியில் கூடினால் அவர்களால் வர முடியும். அதைவிட நல்ல வழி ஒன்று பஸ் ரூட்டிலேயே இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்திலிருந்து நான்கு வேறு கல்லூரிகளில் படிக்கும் ஒன்பது பேர் எங்கள் பட்டியலில் இருந்தார்கள். ஒரே ஊர்ப்பக்கம் என்பது அவர்களுக்கே தெரியாது. ஒரு குழுவில் சேர்த்துவிட்டோம். இப்போது இரண்டாம் சனிக்கிழமை ஒரு வீட்டில் கூடுகிறார்கள். அந்த வீட்டு அம்மா கம்மங்கூழ் கரைத்து வைக்கிறார். போன் அவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, அந்த வீட்டுத் திண்ணைதான் அவர்களை ஐக்கியமாக்கியது.

போட்டோ விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். முகாம் முடிந்ததும் குழுப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது பலருக்கு ஊழிய அறிக்கை மாதிரி ஆகிவிட்டது. அந்தப் படத்தில் நிற்கும் எல்லோரும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் இல்லை. தோழியோடு வந்தவள், தேடலோடு வந்தவன், வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் இருப்பார்கள். நம் ஊரில் ஒரு படம் சித்தப்பா கைக்குப் போய் அப்பாவுக்கு வர ஒரு மணி நேரம் போதும். அப்படி ஒரு படத்தால் ஒரு பெண்ணின் படிப்பே நிற்கப் போனதை நான் பார்த்திருக்கிறேன். விசுவாசத்தை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் தீர்மானம். நம் பதிவு அதைப் பறிக்கக்கூடாது. முகம் தெரியாத படம் போதும், பல நேரம் படமே வேண்டாம். அதேபோல யாரையும் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள். வேறு மதத்து நண்பர்களை அவர்களுக்கே தெரியாமல் சேர்ப்பது ஊழியம் ஆகாது, மரியாதையும் ஆகாது.

முதலாம் ஆண்டு வரும்போது பலருக்குப் பதினேழு வயதுதான். போக்சோ சட்டம் 18 நிறையாதவரைக் குழந்தை என்றுதான் சொல்கிறது. ஆலோசனை என்ற பெயரில் நள்ளிரவில் ஒரு அண்ணன் ஒரு தங்கைக்குத் தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது எவ்வளவு நல்ல மனதோடு இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டியது. தங்கைகளுடன் அக்காமார் பேசட்டும். நேரம் இரவு ஒன்பதோடு முடியட்டும். இந்த விதியைத் தலைவர்கள் முதலில் தங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மொழியிலும் ஒரு தவறு நடக்கிறது. கோவைக் கல்லூரிகளில் மலையாளப் பிள்ளைகளும் வடகிழக்குப் பிள்ளைகளும் இருப்பதால் குழு மெல்ல ஆங்கிலத்துக்குப் போய்விடும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை தன் விசுவாச அனுபவத்தை நேரில் நன்றாகச் சாட்சியாகச் சொல்வான், குழுவில் ஒரு வரி எழுத மாட்டான். குரல் பதிவுக்கு இடம் கொடுங்கள், தலைவர்களே தமிழில் பேசிக் காட்டுங்கள்.

யூடியூபில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதையும் விட்டுவிடலாம். எஸ்.சி.எம். என்ற மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912-லும், கத்தோலிக்க மாணவர்களின் அமைப்பான ஐகஃப் 1924-லும், யூ.இ.எஸ்.ஐ. என்ற சுவிசேஷ மாணவர் அமைப்பு 1954-லும் இந்தியாவில் தொடங்கியவை. கடிதத்தையும் ரயிலையும் வைத்துக்கொண்டே அவை கல்லூரி கல்லூரியாகப் பரவின. ஒவ்வொரு கல்லூரியிலும் கூடிப் படித்த சில மாணவர்கள் இருந்தது அதற்குப் போதுமானதாக இருந்தது. நேரலை நன்றாகப் போகிறது என்று மாணவர் தலைமையை வளர்க்காமல் விட்டால், கேமரா தெரிந்த ஒரு தம்பி படிப்பு முடிந்து பெங்களூர் போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும்.

அப்புறம் சபை. லண்டன் மிஷனரி சங்கத்திலிருந்து மிஷனரி வில்லியம் ஆடிஸ் வந்த 1830-லிருந்து கோவையில் புராட்டஸ்டண்ட் ஊழியம் நடக்கிறது. இன்று அநேக விடுதிகளுக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு சபை உண்டு. ஆனால் விடுதிப் பையன் ஞாயிறு காலை கட்டிலில் படுத்தபடி ஊரிலுள்ள தன் சபையின் நேரலையைப் பார்த்து முடித்துவிடுகிறான். போகச் சொன்னால் மட்டும் போதாது, கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்த அரியர் தம்பியை அப்படித்தான் கூட்டிப் போனேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, அவன் ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் "சாப்ட்டுட்டுப் போ கண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "அடுத்த வாரம் நானே போய்க்கறேனுங்ணா."