கையால் செய்த யுகுலேலேவை விற்கும்போது விலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார் போன்ற சின்ன நான்கு தந்தி வாத்தியமான யுகுலேலேவில், ஒரே ஒருவர் கையில் உருவான ஒன்றை விற்பது மனசுக்குக் கஷ்டமான வேலை. செய்தவரிடம் பேசிப் பேசி மரம் தேர்ந்தெடுத்தது, மாதக்கணக்கில் காத்திருந்தது, பெட்டியைத் திறந்ததும் வந்த அந்த மர வாசனை, எல்லாம் விலையோடு ஒட்டிக்கொண்டு வரும். அங்கேதான் முதல் தவறே ஆரம்பிக்கிறது. வாங்குபவர் கைக்குப் போவது மரமும் ஒலியும் செய்தவர் பெயரும் இப்போதைய நிலையும்தான். உங்கள் காத்திருப்பும் நினைவுகளும் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அவருக்கு அவற்றால் பயன் இல்லை, அதனால் அவற்றுக்குக் காசு தரமாட்டார்.

என் டெனர் (பெரிய அளவு யுகுலேலே) ஒன்றை விற்றபோது நானும் இதையே செய்தேன். ஆர்டர் கொடுத்தபோது 12வது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஸ்வரக் கம்பி) என் பெயரின் முதல் எழுத்தை முத்துச்சிப்பியில் பதிக்கச் சொல்லியிருந்தேன், அதற்குத் தனியாகப் பணமும் கொடுத்திருந்தேன், அதையும் சேர்த்துத்தான் விலை சொன்னேன். ஐந்து மாதம் யாரும் சீரியஸாகக் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "வாத்தியம் ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் தினமும் இன்னொருவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்க முடியாது." நாம் கூடுதலாகக் காசு கொடுத்துச் செய்துகொண்ட தனிப்பட்ட அலங்காரம் விற்கும்போது விலையைக் கூட்டாது. பல நேரம் வாங்கும் ஆட்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். தந்தியை முறுக்கும் நல்ல டியூனர், ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பச் சரியாகப் பொருத்திய பிக்கப், கெட்டியான பெட்டி, இவற்றுக்கு ஓரளவு மதிப்பு உண்டு. அதிலும் போட்ட காசு முழுசாகத் திரும்பாது.

இன்னொரு குழப்பம், காப்பீட்டுக்காக எழுதி வாங்கிய மதிப்பையே விற்பனை விலையாக நினைப்பது. அந்த எண் பெரும்பாலும் "இது தொலைந்தால் இதே மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும்" என்ற கேள்விக்கான பதில். இன்று ஒருவர் இதற்கு என்ன தருவார் என்பது வேறு கேள்வி.

சரி, அப்போ எதை வைத்து விலை போடுவது? இணையத்தில் இதே மாதிரி யுகுலேலேக்களைத் தேடுவீர்கள், நல்லதுதான். ஆனால் அங்கே தெரிவதில் பெரும்பாலானவை கேட்கும் விலை. ஒரு வருஷமாக விற்காமல் கிடக்கும் வாத்தியமும் அதே பட்டியலில்தான் இருக்கும். விற்று முடிந்தவற்றின் விலையைத் தேடி எடுங்கள், அதுவும் கடைசி ஒன்றிரண்டு வருஷத்துக்குள் விற்றவை. ஒப்பிடும்போது அதே கைவினைஞர், அதே அளவு, அதே மரம், ஏறக்குறைய அதே நிலை, இந்த நான்கும் பொருந்த வேண்டும். சுமார் 33 செ.மீ. தந்தி நீளமுள்ள சொப்ரானோவின் விலையை வைத்து 43 செ.மீ. டெனருக்கு விலை போட முடியாது. இன்னும் பெரிய பாரிடோன் தனி உலகம், அது கிட்டாரின் மேல் நான்கு தந்திகளைப் போலவே சுருதி கூட்டப்படுவதால் தேடுபவர்களும் வேறு ஆட்கள்.

செய்தவர் இன்னமும் வேலை செய்கிறாரா, புது ஆர்டர் எடுக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். வரிசை நீளமாக இருந்தால், காத்திருக்க விரும்பாதவர் உங்களுடையதற்குப் புது விலைக்குப் பக்கத்தில் தரலாம். மூன்று வாரத்தில் புதிதே கிடைக்கும் என்றால் பழசுக்கு அவ்வளவு தரமாட்டார். செய்தவர் பெயர் வெளியே தெரியாதது என்றால், ஒலி எவ்வளவு அருமையாக இருந்தாலும் விலை கீழேதான் நிற்கும். மனசுக்கு ஒப்பாது, என்றாலும் சந்தை பெயரைத்தான் முதலில் பார்க்கிறது.

பழசு என்றாலே விலை அதிகம் என்பதும் நிறையப் பேர் நம்பும் ஒன்று. 1879-இல் ரேவன்ஸ்கிராக் கப்பலில் மடெய்ராவிலிருந்து ஹோனலூலூ வந்து இறங்கிய மரத்தச்சர்கள் மூவரில் ஒருவர் மானுவேல் நூனெஸ். அவர் லேபிளோடு ஒன்று கிடைத்தால் அது சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்தான். ஆனால் 1920-களில் யுகுலேலே மோகம் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்கத் தொழிற்சாலைகள் குவியல் குவியலாகச் செய்து தள்ளின, அவற்றில் பல இன்றும் சாதாரண விலைக்கே போகின்றன. வயதைச் சொல்வதற்கு முன் யார் செய்தது என்று உறுதி செய்யுங்கள்.

மரத்தின் பெயரிலும் அதே கவனம் வேண்டும். கோஆ என்று சொல்லி விற்பவை எல்லாம் கோஆ இல்லை. அது ஹவாய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் அகேசியா வகை. ஆஸ்திரேலிய பிளாக்வுட்டும் அகேசியாதான், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். செய்தவரின் கடிதமோ ரசீதோ இருந்தால் மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் "செய்தவர் சொன்னபடி" என்று எழுதுங்கள். முழு மரமா ஒட்டுப்பலகையா என்பதை ஒலித்துளையின் விளிம்பிலேயே பார்க்கலாம். மேலே ஓடும் ரேகைகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்தால் முழு மரம், சாண்ட்விச் மாதிரி அடுக்குகள் தெரிந்தால் ஒட்டியது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, விற்பதற்கு முன் "கொஞ்சம் சரி பண்ணிடலாம்" என்று இறங்குவது. மங்கலாக இருக்கிறது என்று பர்னிச்சர் பாலிஷ் தேய்க்கிறார்கள். மயிரிழை விரிசலில் சூப்பர் க்ளூ ஊற்றுகிறார்கள். அந்தப் பசை மேற்பூச்சில் கறையாக நின்றுவிடும், பிறகு முறையாக ரிப்பேர் செய்ய வருபவருக்கு வேலை இரட்டிப்பு. விரிசலை உள்ளிருந்து சிறு மரத்துண்டு ஒட்டிச் சரி செய்திருந்தால் விலை கொஞ்சம் குறையும், வாத்தியம் வாத்தியமாகவே இருக்கும். அசல் மேற்பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடித்தால் அது செய்தவரின் கைவேலையையே அழித்ததாகிவிடும். தந்தியை முறுக்கும், உராய்வில் நிற்கும் பழைய பெக்குகளை மாற்றியிருந்தால் அசலைத் தூக்கிப் போடாமல் கூடவே கொடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது மென்மையான உலர்ந்த துணியால் துடைப்பதும் புதுத் தந்தி போடுவதும் மட்டும்தான். அந்தத் தந்தியையும் ஒரு வாரம் முன்னாடியே போட்டுவிடுங்கள், புதுத் தந்தி இழுபட்டு நிலைக்கச் சில நாள் எடுக்கும், சுருதி நிற்காத வாத்தியத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

அப்புறம், குறைகளைச் சொல்லாமல் விடுவது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் விடுவதில்லை, அன்போடு பார்க்கும் கண்ணுக்கு அவை தெரிவதே இல்லை. அதனால் ஒரு நாள் வேறொருவர் வாத்தியத்தைப் பார்ப்பதுபோல் பாருங்கள். இருட்டில் ஒரு டார்ச்சை மேற்பலகையின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மேடு, பள்ளம், விரிசல் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். மேற்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் பிரிட்ஜ் தூக்க ஆரம்பித்துவிட்டது. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டும்போது ஃப்ரெட் முனைகள் குத்தினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. இதற்காகத்தான் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். 12வது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த ஸ்வரத்தையும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் மணி ஒலியையும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கண்டதையெல்லாம் எழுதுங்கள், ஒவ்வொரு குறைக்கும் நெருக்கமான படம் எடுங்கள், பின்பக்கம், லேபிள், தலைப்பகுதி எல்லாம் வரட்டும். குறை எழுதினால் விலை விழுமே என்று பயப்படாதீர்கள். என் அனுபவத்தில் முழுசாக எழுதிய வாத்தியத்துக்குத்தான் பேரம் குறைவாக வந்தது, கண்டுபிடித்துக் குறைக்க எதிராளிக்கு எதுவும் மிச்சமில்லை.

அவசரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதும் தவறுதான். பணம் உடனே வேண்டும், அல்லது அதிகமாகக் கேட்கக் கூச்சம். இதைத் தவிர்க்க, விளம்பரம் போடும் முன்பே இரண்டு எண்களை எழுதி வையுங்கள்: கேட்கப்போவது ஒன்று, அதற்குக் கீழே தரவே மாட்டேன் என்பது ஒன்று. தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, பெட்டி எல்லாம் கழித்துக் கைக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்துத்தான் இரண்டாவதை முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் முதலில் வருகிற "கடைசி விலை என்ன?" என்ற மெசேஜுக்கே சரிந்துவிடுவீர்கள்.

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் மரத்தைப் பற்றி இன்னொன்று. 2017 ஜனவரியில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் எல்லா ரோஸ்வுட் வகைகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது, 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு தந்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. அது 1992 முதலே மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. தந்தமும் ஆமை ஓடும் அதே மாதிரி சிக்கல். உரிய சான்று இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம், அப்போது விலையைப் பற்றிப் பேசவே ஒன்றும் இருக்காது. சொன்ன விலைக்கு மேலேயே பணம் அனுப்பிவிட்டு "மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள், அது பழைய மோசடி.

அனுப்பும் முன் தந்தியை ஒன்றிரண்டு சுருதி இறக்குங்கள். தலைப்பகுதி அந்தரத்தில் தொங்காதபடி கழுத்துக்கு அடியில் துணி வையுங்கள். பெட்டிக்குள் டியூனர் கருவி, காபோ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) என்று எதுவும் உருளக்கூடாது. கையில் வந்தபின் 48 மணி நேரம் வாசித்துப் பார்க்கவும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பவும் வாங்குபவருக்கு இடம் கொடுங்கள், திரும்பி வரும் செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். செய்தவர் எழுதிய கடிதமும் மரம் தேர்ந்தெடுத்தபோது எடுத்த படங்களும் இருந்தால் வாத்தியத்தோடு அனுப்பிவிடுங்கள். நான் அந்த டெனரோடு அனுப்பினேன், எனக்கென்று வைத்துக்கொண்டது கடைசியாக அதில் வாசித்த நான்கு நிமிடப் பதிவு மட்டும்.