எண்ணெயில் கரைந்த அதிரசம்: நியாயமான குறையைச் சொல்லும் கமென்ட்டை என்ன செய்வது?

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். எண்ணெயில போட்டதும் கரைஞ்சு போச்சு. ஒரு கிலோ அரிசி, முக்கா கிலோ வெல்லம் வேஸ்ட். தீபாவளிக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. தெரியலன்னா எதுக்கு வீடியோ போடுறீங்க?"

என் யூடியூப் சமையல் சேனலுக்கு மூவாயிரம் சப்ஸ்கிரைபர்கூட இல்லாத காலத்தில் வந்த கமென்ட் இது. உடனே விரல் பரபரத்தது. "எனக்கு நல்லாத்தானே வந்துச்சு, உங்க மாவுல ஈரம் அதிகமா இருந்திருக்கும்" என்று டைப் செய்துவிட்டேன். அனுப்புவதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. பாலை இறக்கிவிட்டு வந்து, எதற்கும் ஒருமுறை பார்ப்போமே என்று என் வீடியோவையே ஓடவிட்டேன். "பாகு கம்பிப் பதம் வந்ததும் இறக்கிடுங்க" என்று நானே சிரித்துக்கொண்டு சொல்கிறேன்.

அதிரசத்துக்குக் கம்பிப் பதம் போதாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நிற்க வேண்டும். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். நான் செய்தது அப்படித்தான். ஆனால் அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் ஷாட்டை, வீடியோ நீளுகிறது என்று எடிட்டிங்கில் வெட்டிவிட்டேன். கை சரியாகச் செய்தது, வாய் தப்பாகச் சொன்னது. பார்ப்பவருக்கு வாய் மட்டும்தான் கிடைத்தது.

புதிதாகச் சேனல் தொடங்கியிருப்பவர்களுக்காக, அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையை எழுதுகிறேன்.

படி 1: முதலில் பிரித்துப் போடுங்கள்

வசவு, ரசனை, குறை. மோசமான கமென்ட் எல்லாம் இந்த மூன்றில் ஒன்று. "மூஞ்சியப் பாரு" வசவு. "உங்க குரல் எனக்குப் பிடிக்கல" ரசனை. "நாலாவது நிமிஷத்துல உப்பு போட்டீங்க, எவ்வளவுன்னு சொல்லல" குறை.

கோபத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். "வாய் கிழியப் பேசுறியே, கப்புன்னா எந்தக் கப்புன்னு சொன்னியா?" என்று ஒருவர் கேட்டால், மரியாதையைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் சரியான கேள்வி. ஒரு நேரம், ஒரு அளவு, செய்து பார்த்தபோது நடந்த ஒரு விஷயம், இவற்றில் ஏதாவது கமென்ட்டில் இருந்தால் அது குறைப் பக்கம் போக வேண்டியது. வெறும் வசவு என்றால் "ஹைட் யூசர் ஃப்ரம் சேனல்" கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள், வாதாடப் போகாதீர்கள்.

டிஸ்லைக் எண்ணிக்கை 2021 நவம்பரிலிருந்து பார்வையாளர்களுக்குத் தெரிவதில்லை, சேனல் நடத்துபவர்களுக்கான யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் நமக்கு மட்டும் தெரிகிறது. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று அந்த எண் சொல்லாது. அதனால் மெனக்கெட்டு நாலு வரி திட்டியவர்தான் நமக்குக் கிடைத்த ஒரே தகவல்.

படி 2: பதில் சொல்லும் முன் சோதியுங்கள்

"சவுண்டே கேக்கல" என்று வந்தால், கம்ப்யூட்டரில் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறங்கள். வால்யூம் வரியில் "கன்டென்ட் லவுட்னெஸ்" என்று ஒரு எண் இருக்கும். அது மைனஸ் 8 டெசிபல் என்று காட்டினால், யூடியூப் வைத்திருக்கும் அளவைவிட உங்கள் வீடியோ அவ்வளவு தாழ்வாக ஒலிக்கிறது என்று அர்த்தம். சத்தம் கூடுதலான வீடியோவை யூடியூப் குறைத்துக் கொடுக்கும். குறைவானதை ஏற்றிக் கொடுக்காது. ஆக அவர் சொன்னது சரி, அவருடைய போனைக் குறை சொல்லாதீர்கள். அடுத்த வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒலியின் சராசரிச் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் கணக்கில் மைனஸ் 14-க்குப் பக்கத்தில் வைத்தால் இந்தப் பிரச்சினை வராது. "மியூசிக் பேச்சை அமுக்குது" என்பது வேறு குறை. அதற்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மிக்சி ஓடும் அடுக்களையில் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் அங்கேதான் பார்க்கிறார்கள்.

"ரொம்ப இழுக்குறீங்க" என்றால் ஸ்டூடியோ அனலிட்டிக்ஸில், எந்த நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் ரிட்டென்ஷன் கோடு இருக்கிறது. முதல் 30 விநாடிக்குப் பின் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்றும் அங்கேயே சொல்லும். என் அதிரச வீடியோவில் அரிசி திரைக்கு வருவதற்கே ஒன்றே முக்கால் நிமிடம் ஆகிறது. அதற்குள் பாட்டி வீட்டுத் தீபாவளியை எல்லாம் பேசி முடித்திருக்கிறேன். பாதிப் பேர் பாட்டி வீட்டிலேயே இறங்கிப் போயிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று இல்லை. ஒருவர் வேகம் என்பார், இன்னொருவர் மெதுவு என்பார். ரசனை சார்ந்த குறையை மூன்று பேராவது ஒரே இடத்தைக் காட்டிச் சொல்லும்வரை நான் காத்திருப்பேன். தகவல் பிழைக்கு அந்தக் கணக்குக் கிடையாது. ஒருவர் சொன்னாலே போதும்.

படி 3: பதில்

நான் கடைசியில் அனுப்பியது இது:

"நீங்க சொன்னது சரிங்க. கம்பிப் பதம்னு நான் சொன்னது தப்பு, தண்ணியில விட்டா உருட்ட வரணும். மாவு மிச்சம் இருந்தா கொஞ்சம் அரிசி மாவு தூவிப் பிசைஞ்சு வச்சு, ஒண்ணே ஒண்ணு தட்டிப் போட்டுப் பாருங்க. வீடியோலயும் இன்னைக்கே திருத்திடுறேன்."

எது தப்பு, எது சரி, கையில் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது, நான் என்ன செய்யப்போகிறேன். அவ்வளவுதான். "உங்களுக்கு வருத்தமா இருந்தா சாரி" என்பது மன்னிப்பு இல்லை, பழியை அவர் மேலேயே திருப்பிவிடுவது. "ஆனா" என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அதை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று. "அக்காவையே குறை சொல்றியா" என்று உங்கள் ரசிகர்கள் அவர் மேல் பாய்வார்கள். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும். அந்த இழையிலேயே "அவங்க சொன்னதுதான் சரி, விட்டுடுங்க" என்று எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் குறை சொல்லவே மாட்டார், பேசாமல் போய்விடுவார்.

படி 4: வீடியோவைத் திருத்துங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறோம். பதில் ஒருவருக்குப் போய்ச் சேரும். நாளைக்கு வீடியோ பார்த்து வெல்லம் காய்ச்சப்போகிறவர் அந்தப் பதிலைத் தேடிப் படிக்கப்போவதில்லை.

ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாக வேறு ஃபைலை அதே லிங்க்கில் வைக்க முடியாது. முன்பு வீடியோ மேலேயே பெட்டி போட்டு எழுதும் அனோட்டேஷன் வசதி இருந்தது. 2019 ஜனவரியோடு அதுவும் போயிற்று. இப்போது இருக்கும் வழிகள்:

ஸ்டூடியோ எடிட்டரில் தப்பான இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். லிங்க், வியூஸ், கமென்ட் எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு லட்சம் வியூஸ் தாண்டிய வீடியோ என்றால், யூடியூபில் விளம்பர வருமானம் பெறும் பார்ட்னர் திட்டத்தில் இல்லாதவர்களுக்கு இது தடுக்கப்படலாம்.

டிஸ்க்ரிப்ஷனில் "கரெக்ஷன்" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டு ஒரு கோலன் வையுங்கள். அடுத்த வரியில் தவறு வரும் நேரத்தையும் திருத்தத்தையும் எழுதுங்கள். திருத்தத்தைத் தமிழிலேயே எழுதலாம். அந்த ஒரு சொல் மட்டும் ஆங்கிலமாக இருக்க வேண்டும். வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் சாப்டர் போட்டிருந்தால் அதற்குக் கீழே வரட்டும். அந்த நேரம் வரும்போது வீடியோவின் மூலையில் ஒரு கார்டு எட்டிப் பார்க்கும். விதியை மீறியதற்கு யூடியூப் கொடுக்கும் ஸ்ட்ரைக் சேனல் மேல் இருந்தால் இது வேலை செய்யாது.

மூன்றாவது, பின் செய்த கமென்ட், அதாவது எல்லாக் கமென்ட்டுக்கும் மேலே நிற்கும்படி நாம் குத்திவைப்பது. ஒரு வீடியோவுக்கு ஒன்றுதான். அதில் "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க" இருந்தால் எடுத்துவிட்டுத் திருத்தத்தை வையுங்கள்.

நான் முதலில் கம்பிப் பதம் வரும் மூன்று விநாடியை வெட்டினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வீடியோவில் பதமே இல்லை! வெட்டினதைப் பழையபடி மாற்றி, கரெக்ஷனும் பின் செய்த கமென்ட்டும் போட்டு, தண்ணீர்ச் சோதனையை மட்டும் தனியாக ஒரு ஷார்ட்ஸ் எடுத்தேன்.

கரண்ட், கேஸ், மருந்து மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட தப்பு என்றால் இந்த ஒட்டுவேலை எதுவும் வேண்டாம். வியூஸ் போனால் போகட்டும், வீடியோவை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பெரிய சேனல்களும் இதைச் செய்திருக்கின்றன. அறிவியல் அனிமேஷன் வீடியோக்கள் போடும் ஜெர்மனியின் குர்ட்ஸ்கெசாக்ட் சேனல், போதைப் பழக்கத்தைப் பற்றியும் அகதிகளைப் பற்றியும் போட்டிருந்த தன் பழைய வீடியோக்கள் இரண்டும் தன் தரத்துக்கு இல்லை என்று 2019-ல் நீக்கி, காரணத்தையும் வீடியோவாகவே சொன்னது. கணித வீடியோக்கள் போடும் கிராண்ட் சாண்டர்சன் 2022 பிப்ரவரியில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டுக்கு எது சிறந்த முதல் சொல் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நிரலில் பிழை என்று தெரிந்ததும் இன்னொரு வீடியோ போட்டு, எங்கே தப்பியது என்றும் விளக்கினார். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான். தப்பையே பாடமாக்கிவிட்டார்.

படி 5: கேமரா பக்கத்தில் ஒரு தாள்

வந்த குறைகளை ஒரு தாளில் எழுதி ஷூட்டிங் செய்யும் இடத்தில் ஒட்டிவையுங்கள். என் தாளில் இப்போது இருப்பவை: கப் என்றால் எத்தனை மில்லி. பதம் காட்டும் ஷாட்டை வெட்டாதே. பாட்டி கதை கடைசியில். எக்ஸாஸ்ட் ஃபேனை அணை.

அடுத்த தீபாவளிக்கு அதே பெண் திரும்ப வந்தார். "இந்தத் தடவை அதிரசம் அருமையா வந்துச்சு அக்கா. ஏலக்காய் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?"

போய்ப் பார்த்தேன். சொல்லவில்லை.