வகுப்பறைக்கு ஏற்ற மின்னிலக்கக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிகளில் 6 முதல் 10 ஆம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். செயலியை நிறுவுவதும் மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைப்பதும் தெரிந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் முறை மட்டும் இங்கே.

படி 1: மாணவர் தடுமாறும் இடத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

"அறிவியலுக்கு நல்ல செயலி வேண்டும்" என்று தேடத் தொடங்கினால் அந்தத் தேடலுக்கு முடிவே இருக்காது. "தொடரிணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் ஏன் அணைகிறது என்பது புரியவில்லை" என்று எழுதிப் பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' சிமுலேஷன்களில், மாணவரே கம்பியை இழுத்து இணைத்துச் சுற்றை அமைத்துப் பார்க்கும் வசதி உண்டு.

நண்பகலில் சூரியன் தினமும் உச்சிக்கு நேரே வரும் என்று நம்பும் மாணவருக்கு, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் போதும். இடத்தை நாகர்கோவில் என்று அமைத்து நாள்களை நகர்த்தினால், ஏறத்தாழ 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ள நம் ஊரில், ஏப்ரல் 11 ஐ ஒட்டியும் செப்டம்பர் 1 ஐ ஒட்டியும் மட்டுமே, பகல் 12.20 வாக்கில், சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது தெரியும். அந்த ஏப்ரல் நாளில் பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் அதன் அடியிலேயே ஒடுங்குவதையும் காட்டுங்கள். திரையில் கண்டதை வெயிலில் சரிபார்க்க இடம் தரும் கருவியையே நான் எப்போதும் முதலில் எடுப்பேன்.

படி 2: இணையத்தைத் துண்டித்துச் சோதியுங்கள்

மலையோரம் பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னலை நம்பிப் பாடம் திட்டமிட முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் மற்ற ஊர்களிலும் இணைப்பு தடைப்படும் நாள்கள் வரும். கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துக் கருவியைத் திறந்து பாருங்கள். ஃபெட் சிமுலேஷனைத் தனிக் கோப்பாகத் தரவிறக்கி உலாவியிலேயே இயக்கலாம். கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்கலாம். பாடநூலின் கியூஆர் குறியீடு வழியே திக்‌ஷா செயலியில் கிடைக்கும் காணொளிகளை முதல் நாளே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தமிழைச் சோதியுங்கள்

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த படி இதுதான். நம் பள்ளிகளில் இருக்கும் பழைய வினாத்தாள்களில் பல, வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே கூகுள் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிவிடும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010 இலேயே ஏற்றுக்கொண்டது. கோப்புகள்தான் இன்னும் மாறவில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, வரி விடாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கு எளிதில் தெரியாது. 'கௌதம புத்தர்' என்ற விடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறியை அழுத்தாமல், ஒற்றைக் கொம்பைப் போட்டு அருகில் ளகரத்தை அடிப்பவர்கள் பலர்: 'கெளதம புத்தர்'. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். விடைக்குறிப்பில் ஒன்று இருந்து, மாணவர் மற்றதை அடித்திருந்தால், சரியான விடைக்குச் சுழியம் விழும். துணைக்காலுக்குப் (ா) பதிலாக ரகரத்தை அடித்தாலும் இதே கதிதான். பாடத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை திரையில் 'தவறு' என்று காண்பதை என்னால் ஏற்க முடியாது. கூகுள் படிவத்தின் குறுவிடை வினா ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளை ஏற்கும். ஆகவே இரண்டு வடிவங்களையும் விடைக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

எந்தப் புதிய கருவியாக இருந்தாலும் கௌதமர், ஸ்ரீரங்கம், லக்ஷ்மி, நொதி ஆகிய சொற்களை இட்டுப் பாருங்கள். கொம்பு இடம் மாறினாலோ புள்ளிகளாலான வட்டம் தோன்றினாலோ அந்தக் கருவி வேண்டாம். பிடிஎஃப் ஆக மாற்றியும் பார்த்துவிடுங்கள். திரையில் ஒழுங்காகத் தெரியும் எழுத்து அங்கே உடைவதுண்டு.

படி 4: கையிலுள்ள சாதனங்களை எண்ணுங்கள்

ஆசிரியரிடம் மட்டுமே கைபேசி உள்ள வகுப்பில் பிளிக்கர்ஸ் என் முதல் தேர்வு. அட்டைகளை அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுத்தால், மாணவர் தாம் தேர்ந்த விடை மேற்புறம் வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிப்பார். ஆசிரியரின் கைபேசிக் கேமரா அனைத்தையும் படித்துக்கொள்ளும். அட்டையின் நான்கு பக்கங்களிலும் உள்ள விடை எழுத்துகள் (A, B, C, D) சிறியவை என்பதால் பக்கத்தில் இருப்பவர் பார்த்து எழுத வழியில்லை. கூச்சப்படும் மாணவரும் துணிந்து விடை சொல்வார். விநாடி வினா விளையாட்டான கஹூட் பிள்ளைகளை உற்சாகப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வழக்கமான அமைப்பில் அது வேகத்துக்கும் புள்ளி தருவதால், மெதுவாக வாசிக்கும் மாணவர் விடை தெரிந்தும் பின்தங்கிவிடுகிறார். புதிய பாடத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மாணவர் பெயரும் கைபேசி எண்ணும் கேட்கும் கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. 2023 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஆசிரியர்கள் சிலர், பிளிக்கர்ஸ் அட்டையைக் கேமரா படிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். பளபளப்பான லேமினேஷனில் சன்னல் வெளிச்சம் பட்டு எதிரொளிப்பது ஒரு காரணம். மங்கலான உறையைப் பயன்படுத்துங்கள். கறுப்புக் கட்டத்தின் மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடிக்கவும் பழக்க வேண்டும். கடற்கரை ஊர் ஆசிரியர் ஒருவர், வீட்டிலிருக்கும் ஒரே கைபேசி அப்பாவுடன் கடலுக்குப் போய்விடுவதால் மாணவர்கள் படிவத்தை நிரப்ப முடிவதில்லை என்றார். அத்தகைய வகுப்புகளில் படிவத்தை வீட்டுப்பாடமாகத் தராமல், பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்தில் ஒரு பாடவேளையை அதற்கென ஒதுக்குங்கள்.