ஏ9 வீதியில் இழுக்காத பழைய டீசல் வண்டி: ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியவை

வருடம் முழுக்க மாமாவின் கொட்டிலுக்குள் நின்ற பஜிரோ ஜீப்பையோ பிராடோவையோ பழைய ஹைலக்ஸையோ தூசு தட்டி எடுத்துக்கொண்டு இலங்கையின் வடக்கே வன்னிக்குள் ஓடித்திரிகிற ஆட்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் நிறைய. ஒழுங்கைக்குள்ளும் வாய்க்கால் கரையிலும் வண்டி நன்றாகத்தான் ஓடும். ஓமந்தை கழிந்து யாழ்ப்பாணம் போகிற பெருவீதியான ஏ9 நேராக விரிந்ததும் 60, 65 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்று நிற்கும், எக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் சத்தம்தான் கூடும், பின்னால் கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து சொன்னால் உடனே தீர்ப்பும் வந்துவிடும்: "என்ஜின் முடிஞ்சுது தம்பி, இறக்கித்தான் பார்க்கவேணும்."

அவ்வளவு கெதியில் இறக்க விடாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மறுபடி திறந்தார்கள், அதனால் இந்தப் பழைய வண்டிகளின் விலையும் பெறுமதியும் வேறு. நன்றாக இருக்கிற என்ஜினை ஒரு பில்ட்டருக்காகப் பிரித்துவைத்தால் உங்கள் விடுமுறையும் போய்விடும், நீங்கள் திரும்பிப் போனபிறகு அந்த வண்டியை நம்பியிருக்கிற வீட்டுக்காரரின் பாடும் கஷ்டம்.

முதலில் அந்த வண்டி புதிதாக இருந்தபோது எவ்வளவு இழுத்தது என்று யோசியுங்கள். டேர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி) இல்லாத 2.8 லீற்றர் ஹைலக்ஸ் ஒருநாளும் வேகமான வண்டி அல்ல. எட்டுப் பேர், ஏசி, கூரையில் பெட்டிகள் என்று ஏற்றிவிட்டு கனடாவிலோ லண்டனிலோ ஓடுகிற வண்டியோடு ஒப்பிட்டால் அது நியாயம் இல்லை. பெரிய மட் ரயர் போட்டிருந்தால் இன்னொரு விஷயம், வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், கியரும் கனத்துப்போகும். கைபேசியில் ஜிபிஎஸ் வேகத்தைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டோமற்றிக் என்றால் டாஷ்போர்டில் ஓவர்டிரைவ் (கடைசி மேல் கியர்) ஓஃப் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள், யாரோ கை தட்டி அமத்திவிட்ட அந்தச் சின்ன பொத்தானுக்காகக் கராஜுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உண்மையிலேயே இழுவை குறைந்திருக்கிறது என்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது புகை. புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வீதி மட்டமானது, ஏற்றம் இறக்கம் குழப்பாது. ஆள் இல்லாத நேரம் மேல் கியரில் 50இல் இருந்து முழுதாக மிதியுங்கள், பக்கக் கண்ணாடியில் புகையைப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாவிட்டால் பின்னால் ஒரு சொந்தக்காரரின் வண்டியை வரச்சொன்னால் அவருக்குத் துப்புரவாகத் தெரியும். கறுப்புப் புகை தள்ளிக்கொண்டு இழுக்கவில்லை என்றால் டீசல் போகிறது, காற்றுப் போதவில்லை. புகையே இல்லாமல் சோர்ந்துபோய் நிற்கிறது என்றால் டீசல் போதவில்லை. இந்த ஒன்றைப் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இரண்டுக்கும் பார்க்கவேண்டிய இடம் வேறு.

கறுப்புப் புகை என்றால் எயார் பில்ட்டரில் தொடங்குங்கள். ஒட்டுசுட்டான் பக்கம், விசுவமடு உள்வீதிகள் எல்லாம் கிரவல், ஒரு கோடையில் பில்ட்டர் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். காற்றடித்துத் துப்புரவாக்குவதென்றால் உள்ளிருந்து வெளியே மெதுவாக அடிக்கவேண்டும், வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தூசு தாளுக்குள் இன்னும் இறுகும். பில்ட்டரைக் கழற்றிவிட்டு ஓடிப்பார் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், வன்னிப் புழுதி டேர்போவின் தட்டுகளையும் பிஸ்டன் ரிங்கையும் தின்றுவிடும். அப்புறம் டேர்போவில் இருந்து அந்தக் காற்றைக் குளிராக்குகிற இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்களைக் கையால் நசித்து, அடிப்பக்கம்வரை தடவிப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும், அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கும், மிதிக்கும்போது உஸ் என்று காற்றுப் போகிற சத்தம் கேட்கும். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே புகைதான், கழற்றிக் கழுவினால் சரிவரும்.

புகை இல்லாத சோர்வுதான் நின்றுபோன வண்டிகளில் அதிகம். டீசல் தாங்கி அரைவாசி வெறுமையாக நின்றால் ஈரம் தண்ணீராகி அடியில் சேரும், தண்ணீரும் டீசலும் சேர்கிற இடத்தில் கிருமி வளர்ந்து கறுத்த சளிபோல ஒன்று வரும், அது டீசல் பில்ட்டரை மூடிவிடும். கானில் வாங்கி வைத்த டீசலை ஊற்றியிருந்தால் துருவும் மண்ணும் சேர்ந்திருக்கும். மெதுவாக ஓடும்போது என்ஜினுக்குக் கொஞ்ச டீசல் போதும், அதனால் ஒழுங்கையில் குறை தெரியாது, ஏ9இல் மிதிக்கும்போதுதான் பில்ட்டரால் கொடுக்க முடியாமல் போகும். ஓரமாக நிறுத்திக் கொஞ்சநேரம் விட்டு எடுத்தால் மறுபடி இழுத்துவிட்டுப் பிறகு சோர்கிறதா? சந்தேகம் டீசல் வழியில்தான்.

பில்ட்டர் விலை பெரிதில்லை, சோதிப்பதற்காகவே மாற்றுங்கள். மாற்றுமுன் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்துப் பாருங்கள், தண்ணீர் கீழே பிரிந்து நிற்கும். தாங்கி மூடியைத் திறந்து ஓடிப் பாருங்கள், உஸ் என்று காற்று இழுத்துவிட்டு வண்டி உயிர்பெற்றால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பில்ட்டருக்கும் டீசல் பம்புக்கும் இடையில் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மெக்கானிக்கைக் கொண்டு போடச்சொல்லிப் பாருங்கள், தொடர்ந்து குமிழி வந்தால் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது, பெரும்பாலும் கையால் அமத்துகிற பிரைமரின் பழைய ரப்பர்.

டேர்போ வண்டி என்றால் இதையும் மறக்காதீர்கள், நிறைய மெக்கானிக்குகளே தாண்டிப்போகிற இடம் இது: பழைய மெக்கானிக்கல் பம்பின் தலையில் வட்டமான ஒரு மூடி இருக்கும், என்ஜினுக்குள் காற்றுப் போகிற இன்டேக்கில் இருந்து அதற்கு ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் வரும். டேர்போ காற்றுத் தள்ளும்போது கூடுதல் டீசல் விடு என்று பம்புக்குச் சொல்வது அந்த ஹோஸ்தான். அது வெடித்தால் டேர்போ நன்றாக இருந்தும் புகை இல்லை, இழுவையும் இல்லை. ஒரு முழம் ஹோஸ் வாங்கிப் போட்டால் முடிகிற வேலைக்குப் பம்பைக் கழற்றி அனுப்பியிருப்பார்கள். அதேபோல ஒருவரை எக்சிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, பம்பில் உள்ள நெம்பு கடைசித் திருகைத் தொடுகிறதா என்று பாருங்கள். கேபிள் இழுபட்டுத் தளர்ந்தாலும், காலடியில் மூன்று மட் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தாலும் தொடாது.

என்ஜினில் குறையே இல்லாமல் சில்லு இறுகி நிற்பதும் உண்டு. நீண்டநாள் நின்ற வண்டியில் பிரேக் கலிப்பர் பிடித்துக்கொள்ளும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்படியும் நிறுத்துவீர்கள்தானே, அங்கே நாலு சில்லுக்கும் கிட்ட புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் கள்ளன். ஃபோர்வீல் நெம்பு மண்வீதியில் போட்டது போட்டபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பெரிய வேலைகள். பஜிரோவின் 4டி56 என்ஜினில் வால்வுகள் திறந்து மூடுகிற நேரத்தைப் பிடித்துவைக்கிற டைமிங் பெல்ட் ஒரு பல் பாய்ந்தாலும் இழுவை போகும், எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால் மாற்றியே விடுங்கள், பக்கத்தில் உள்ள, அதிர்வைக் குறைக்கிற பலன்சர் பெல்ட்டையும் சேர்த்து, ஏனென்றால் அது அறுந்து மற்றதற்குள் சிக்கினால் வால்வுகள் போய்விடும். பஜிரோவில் வருகிற இன்னொரு என்ஜினான 4எம்40இல் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தக் கவலை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால் புகை பலமாகத் தள்ளுகிறது, சைலன்சரில் நீலப்புகையும் வருகிறது என்றால் அப்போது கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். சூட்டு முள் வழமையைவிட ஏறினால் சோதனை எல்லாவற்றையும் நிறுத்துங்கள், இந்த என்ஜின்களின் மேற்பகுதியான ஹெட்டில் சூட்டினால் வெடிப்பு விழும். அறுவடைக் காலத்தில் ரேடியேட்டர் முன்பக்கம் பதரும் வைக்கோலும் அடைத்திருக்கும், அதையும் பாருங்கள்.

பம்போ டீசலைத் தெளிக்கிற நொசிலோ கழற்றத்தான் வேண்டும் என்றால் சோதனை மேசையில் ஏற்றுவதை உங்கள் கண்முன்னால் காட்டச் சொல்லுங்கள், மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். மரியாதையாக "அண்ணை, ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேட்டால் நல்ல மெக்கானிக் சந்தோஷமாகவே காட்டுவார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிடைக்காத சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவதென்றால் வீட்டுக்காரரிடம் என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஜப்பானுக்குச் செய்த வண்டிக்கும் ஐரோப்பாவுக்குச் செய்ததற்கும் ஒரே பெயரில் வேறு சாமான் வரும்.

ஓடிப் பார்ப்பது ஏ9 போன்ற தார் வீதியில் மட்டும், பகலில். இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். நின்றுபோனாலும் வீதியோரத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கிற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. திரும்பிப் பறக்கிற நாளில் விமான நிலையத்துக்கு இந்த வண்டியில் போகாதீர்கள், திருத்திய பிறகும்கூட. கிளிநொச்சியில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் கொழும்புக்கு ரயில் இருக்கிறது, முன்கூட்டியே இருக்கை பதிந்துவையுங்கள்.